எப்போது கேட்கிறது அந்தச் சத்தம்?

எங்கள் வீட்டுக் காருக்கு ஒன்பது வயது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், ஆண்டுக்கு இருமுறை சொந்த ஊருக்குப் போய்வரவும் மட்டுமே அது பயன்படுகிறது. சென்ற மார்கழியில் ஒருநாள் காலை அதைக் கிளப்பியபோது, தையல் இயந்திரம் ஓடுவதைப்போல 'டிக் டிக் டிக்' என்று பானட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பத்து நிமிடம் ஓடியதும் அது அடங்கிவிட்டது. மறுநாள் காலை மீண்டும் வந்தது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு சென்றேன். அங்கு போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிட்டதால் சத்தம் இல்லை. பல்வலியோடு போனவருக்கு மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் வலி நின்றுவிடுவதைப்போலத்தான் இதுவும். கணினியை இணைத்துப் பார்த்த இளைஞர், பிழைக்குறியீடு எதுவும் இல்லை என்றார். பிறகு, தாம் கேட்டறியாத அந்தச் சத்தத்துக்கு டேப்பெட்டுகளே காரணமாக இருக்கும் என்று கூறி, ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்ய 42 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாளோடு எங்கள் பகுதியில் நீண்டகாலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. "எப்ப கேக்குது சார்? காலையில மட்டுமா, சூடானப்புறமும் இருக்கா?" என்று கேட்டார். காலையில் மட்டும்தான் என்றேன். வண்டியை ஓரிரவு பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னார். மறுநாள் குளிர்ந்திருந்த என்ஜினைக் கிளப்பி, உதவியாளரைச் சைலன்சரின் வாயில் ஒரு தடித்த துணியைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். டிக் டிக் சத்தம் இரட்டிப்பானது. புகை வெளியேறும் மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே கரி படிந்த ஒரு கோடு. கேஸ்கட் ஒன்று கருகியிருந்தது. புதிய கேஸ்கட், துருப்பிடித்த இரண்டு நட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

சர்வீஸ் சென்டர் இளைஞரை ஏமாற்றுக்காரர் என்று நான் கூறமாட்டேன். டேப்பெட் தட்டும் ஓசைக்கும் புகை கசியும் ஓசைக்கும் இடையே குழப்பம் நேர்வதற்கு நியாயமான காரணம் உண்டு. நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றுகிறது எனக் கொண்டால், ஒரு வால்வு வினாடிக்கு ஆறேழு முறை திறந்து மூடும். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறுவதும் அதே கணக்கில்தான். ஆகவே தளர்ந்த வால்வு தட்டினாலும், கருகிய கேஸ்கட்டின் வழியாகப் புகை பீறிட்டாலும் தாளம் ஒன்றே. காதுக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

பிரித்துக் காட்டுவது வெப்பம். மேனிஃபோல்டு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபடும், கசிவொலி நின்றுவிடும். தளர்ந்த டேப்பெட் பெரும்பாலும் என்ஜின் சூடான பின்னும் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டறைக்காரர் 'என்ன சத்தம்' என்று கேட்காமல் 'எப்போது' என்று கேட்டதன் பொருள் இதுதான். கார் எழுப்பும் ஓசைகளில் நோயைக் காட்டிக் கொடுப்பது ஓசையின் வகையைவிட அது எழும் நேரமே. இதை உரிமையாளர் கவனித்துச் சொல்லாவிட்டால், எத்தனை பெரிய பணிமனையும் ஊகத்தின்பேரில் பாகங்களை மாற்றத்தான் செய்யும்.

அதற்காக நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. நான்கைந்து எளிய சோதனைகள் போதும். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால் சத்தமும் கூடுகிறதா? அப்படியென்றால் அது என்ஜினைச் சார்ந்தது. நின்ற நிலையில் ஒன்றுமில்லை, சாலையில் ஓடும் வேகத்துக்கு ஏற்பத்தான் கூடிக் குறைகிறது என்றால் சக்கர பேரிங்கையோ, டயரையோ, முன்சக்கர அச்சின் இணைப்பையோ பார்க்க வேண்டும். டயரின் வரிப்பள்ளத்தில் சிக்கிய ஒரு சல்லிக்கல்லுக்காக என்ஜினைச் சந்தேகித்துத் தூக்கம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பெட்டியின் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங். ஏ.சி.யை அணைத்ததும் நின்றால் கம்ப்ரசர் பக்கம் தேட வேண்டும்.

காலையில் கிளப்பியதும் 'கீச்ச்' என்று அலறுவது பெல்ட். பலரும் அறிந்த ஓசை இது. பெல்ட்டின் வரியுள்ள உட்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். சத்தம் உடனே கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்றே அடங்கிப் பிறகு திரும்பினால் கப்பிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. இரண்டாவது நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, புதிய பெல்ட்டும் ஒரு மாதத்தில் அலறும். ஓடும் என்ஜினுக்கு அருகே வேட்டி முனையோ, துப்பட்டாவோ, தளர்ந்த சட்டைக் கையோ போகக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம்.

குளிர்ந்த என்ஜினில் பிஸ்டன்கள் சற்று ஆழமான, வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற ஓசை எழுப்புவதும் உண்டு. அலுமினியப் பிஸ்டன் சூடேறி விரிந்ததும் அது மறையும். பழைய வண்டிகளில் அதனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். ஆனால், கிளப்பியதும் இரண்டு மூன்று வினாடிகள் சங்கிலி உரசுவதைப்போல 'சரசர' என்று கேட்டு அடங்கினால் அலட்சியம் கூடாது. டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு ஆயில் அழுத்தம் வந்துசேரத் தாமதமாகிறது என்பதே அதன் பொருள். சங்கிலி பல் தாண்டினால் பல என்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு பேசப்படும் தொகையே வேறு.

தமிழில் ஓசைகளைச் சொல்ல இரட்டைக்கிளவிகளுக்கும் ஒலிக்குறிப்புகளுக்கும் பஞ்சமே இல்லை. கடகட, கணகண, கொரகொர, கிறீச் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி ஓசையைச் சுட்டும். பட்டறைக்காரரிடம் 'அப்நார்மல் சவுண்ட்' என்று சொல்லி நிறுத்திவிடுவதைவிட இவற்றில் ஒன்றைச் சொல்வது அவருக்குப் பெரும் உதவி. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போவது அதைவிட மேல்.

பெட்ரோல் என்ஜினின் வரலாற்றில் ஓர் ஓசைக்குத் தனி அத்தியாயமே உண்டு. தகர டப்பாவில் சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்குவதைப் போன்றது அது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்து ஏற முயன்றவர்கள் அதைக் கேட்டிருக்கலாம். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது சென்றடைவதற்கு முன்பே, மிஞ்சியிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிட்டால், அழுத்த அலைகள் உலோகச் சுவரில் மோதும். 'நாக்கிங்' எனப்படும் அந்த ஓசை பிறப்பது அப்படித்தான்.

இதற்கு மருந்து தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி. 1916-இல் அவர் ஒரு விசித்திரமான ஊகத்திலிருந்து தொடங்கினார். சிவந்த இலைகளைக் கொண்ட ஒரு செடி பனிக்காலத்திலேயே வெப்பத்தை ஈர்த்துக்கொண்டு பூக்கிறது. எரிபொருளுக்கும் சிவப்பு நிறம் ஏற்றினால் வெப்பத்தை ஈர்த்து எளிதில் ஆவியாகுமே என்று எண்ணினார். கைவசம் சிவப்புச் சாயம் இல்லாததால் அயோடினைக் கலந்தார். ஓசை குறைந்துவிட்டது! ஆனால் அத்தோடு அவர் நிற்கவில்லை. உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தும் பார்த்தார். ஓசை குறையவில்லை. நிறத்தைப் பற்றிய ஊகம் தவறு, வேலை செய்தது அயோடினே என்று தெரிந்தது. ஒரு காரணத்தைச் சந்தேகித்தால் அதை மட்டும் தனியே மாற்றிப் பார்ப்பது என்ற இந்த ஒழுங்கைத்தான் நம் பணிமனைகளில் காண முடிவதில்லை. பிளக், காயில், ஆயில் மூன்றையும் ஒரேநாளில் மாற்றிவிட்டுச் 'சரியாகிவிட்டது' என்றால், எது குற்றவாளி என்பது யாருக்கும் தெரியாது.

மிட்ஜ்லியின் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1921 டிசம்பர் 9 அன்று அவரது குழு டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைச் சோதித்தது. துளி அளவிலேயே ஓசை அடங்கியது. எத்தனாலும் அதே பணியைச் செய்யும் என்று அப்போதே தெரிந்திருந்தும், ஈயமே சந்தைக்கு வந்தது. 1924-இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் சித்தம் கலங்கி உயிரிழந்தனர். அதன் பின்னும் உலகம் முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையானது. இந்தியா அதைக் கைவிட்டது 2000-இல். கடைசி நாடான அல்ஜீரியாவில் விற்பனை நின்றது 2021-இல். என்ஜினின் ஓர் ஓசையை அடக்குவதற்காகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஒரு நஞ்சை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காற்றில் கலந்துகொண்டிருந்தோம்.

இன்றைய கார்களில் இந்த ஓசையைக் கேட்பதற்கென்றே ஒரு காது உண்டு. என்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் சிறிய உணரி, அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும். கணினி, தீப்பொறி விழும் கணத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு நாக்கிங்கை அடக்கிவிடும். அப்படியும் ஓசை நம் காதுக்குக் கேட்கிறது என்றால் கணினியால் சமாளிக்க முடியவில்லை என்று பொருள். உள்ளே படிந்த கரி, வெப்பத்தைக் கடத்தாத பொருந்தாத பிளக், அளவுமீறிய சூடு, தரமற்ற பெட்ரோல் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். முதல் மருந்து மட்டும் இலவசம். ஏற்றத்தில் கியரைக் குறையுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, எந்தச் சத்தம் வந்தாலும் அதன்மீதே பழி போடுவது வழக்கமாகியிருக்கிறது. மைலேஜ் குறைவதும், பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் பாதிக்கப்படுவதும் விவாதிக்கப்பட வேண்டியவைதாம். ஆனால் நாக்கிங்கைப் பொறுத்தவரை இந்தப் பழி பொருந்தாது. எத்தனாலின் ஆக்டேன் மதிப்பு பெட்ரோலைவிட அதிகம். அது நாக்கிங்கைக் குறைக்கவே செய்யும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை நாலைந்து நாள் காத்திருக்கக் கூடியவை. ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாத ஓசை ஒன்று உண்டு. என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, மரக்கதவை உள்ளிருந்து யாரோ கைமுட்டியால் இடிப்பதைப்போல 'டொக் டொக்' என்று கேட்பது. வேகத்தோடு விரைவதும், சூடான பின் அடங்காமல் வலுப்பதும் அதன் இயல்பு. பிஸ்டனின் விசையைக் கிராங்க் ஷாஃப்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்துவிட்டது என்பதே அதன் செய்தி. அந்த பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த மெல்லிய இடத்தில் ஓடும் ஆயில் படலமே உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. படலம் அறுந்தால் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

என் உறவினர் ஒருவருக்கு இது விழுப்புரத்தைத் தாண்டியதும் நேர்ந்தது. குடும்பத்தோடு திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். முதலில் லேசான தட்டல். பிறகு டேஷ்போர்டில் ஆயில் குவளை வடிவச் சிவப்பு விளக்கு. முகூர்த்த நேரம் நெருங்குகிறது, உளுந்தூர்பேட்டையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். உளுந்தூர்பேட்டைக்குப் பல கிலோமீட்டர் முன்பாகவே என்ஜின் இறுகி நின்றது. ஓட்டைவிழுந்த சம்ப்பிலிருந்து ஆயில் முழுதும் ஒழுகியிருந்தது. தட்டல் கேட்ட இடத்திலேயே அணைத்திருந்தால் சம்ப்பை மாற்றுவதும் புதிய ஆயிலும் பேரிங்குகளுமே செலவாகியிருக்கும். அவர் மாற்ற வேண்டியிருந்தது முழு என்ஜினை. அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் இல்லை என்பதைக் காட்டுவது. அது எரிந்து, அடியில் தட்டலும் கேட்டால் ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். அடுத்த ஊர்வரை என்ற பேச்சுக்கே இடமில்லை. இழுவை வண்டிக் கட்டணம் எவ்வளவானாலும் அது மலிவே.

ஆயிலைப் பற்றி இன்னொன்று. அண்மைக்காலக் கார்கள் பலவற்றுக்கும் உற்பத்தியாளர் பரிந்துரைப்பது மெல்லிய ஆயில். சில பட்டறைகளில், சத்தம் வருகிறது என்றதும் கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்புகிறார்கள். சத்தம் உண்மையிலேயே குறையும். தேய்ந்த இடைவெளியைக் கெட்டி ஆயில் நிரப்பிவிடுவதால் தட்டல் மழுங்குகிறது. தேய்மானம் அப்படியேதான் இருக்கும். குளிர்ந்த காலையில் அந்த ஆயில் என்ஜினின் மேற்பகுதிக்கு ஏறக் கூடுதல் நேரம் எடுக்கும். அதுவரை அங்குள்ள பாகங்கள் வறண்டு உரசும். பழைய கார் விற்பவர்களில் சிலர் கையாளும் தந்திரமும் இதுவே. ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போக வேண்டும். பானட்டின்மீது முதலில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ என்ஜினைக் கிளப்பியிருக்கிறார்கள்.

சென்னையில் இன்னொரு கேள்வியும் தேவை: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. மூழ்கியதால் மட்டும் என்ஜின் கெட்டுவிடுவதில்லை. பதற்றத்தில் உரிமையாளர் சாவியைத் திருப்பும்போதுதான் கெடுகிறது. காற்றைப்போலத் தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைகிறது. சற்றே வளைந்த ராடோடு அந்த வண்டி சில மாதங்கள் ஓடவும் கூடும், ஒரு புரியாத தட்டலோடு. தண்ணீரில் நின்ற என்ஜினைக் கிளப்பியதால் நேர்ந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கென என்ஜின் பாதுகாப்புப் பிரிவைத் தனியே சேர்த்திருக்க வேண்டும்.

கணினிச் சோதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதை அது நொடியில் சொல்லிவிடும். ஆனால் உணரி உள்ள இடத்தைப் பற்றி மட்டுமே அதனால் பேச முடியும். தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு, வறண்ட கப்பி பேரிங், கிழிந்த என்ஜின் மவுண்டிங், கருகிய கேஸ்கட் ஆகியவற்றுக்குப் பிழைக்குறியீடு கிடையாது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் பழைய பட்டறைப் பழக்கம் இந்த இடைவெளியை நிரப்பியது. இன்று பல பணிமனைகளில் சேவை ஆலோசகரின் ஊதியம் அவர் எழுதும் மதிப்பீட்டுத் தொகையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கேட்டறிவதற்கு அவருக்கு நேரமும் இல்லை, அதற்கென ஊக்கத்தொகையும் இல்லை.

ஆகவே பெரிய தொகைக்குக் கையெழுத்திடும் முன் மூன்றை நாம் வலியுறுத்தலாம். சத்தத்தை அவர்கள் காதாலேயே கேட்க வேண்டும், அதற்காக வண்டியை ஓரிரவு நிறுத்த நேர்ந்தாலும் சரி. எந்தச் சோதனையால் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை வேலைத்தாளில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் பெற்றுச் செய்யும் பழுதுபார்ப்பும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைதான். ஹெட்டைக் கழற்றிய பின்னும் அதே சத்தம் தொடர்ந்தால், எழுத்தில் உள்ள அந்த ஒரு வரியே நுகர்வோர் ஆணையத்தில் நமக்குத் துணை நிற்கும்.

கருகிய கேஸ்கட்டை அந்த மெக்கானிக் என்னிடமே கொடுத்துவிட்டார். மேனிஃபோல்டில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் உண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போயிருந்தால் குழந்தைகளுக்குத் தலைவலி வந்திருக்கும் என்று அவர் சொன்னபோதுதான், 42 ஆயிரம் ரூபாயைவிட அது பெரிய செய்தியாகப் பட்டது. வண்டி இப்போது காலையில் அமைதியாகக் கிளம்புகிறது. சென்ற வாரத்திலிருந்து, ஏ.சி. போட்டால் மட்டும், அதுவும் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், ஏதோ ஒன்று லேசாகக் கொரகொரக்கிறது. தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.